வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எந்த யுபிஎஸ்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு சிபியு, ஒரு மானிட்டர், ஒரு வைஃபை ரூட்டர். வீட்டு மேசையில் இருக்கும் இவ்வளவுக்கு, கரண்ட் போனால் பேட்டரியிலிருந்து மின்சாரம் தரும் யுபிஎஸ் பெட்டி வாங்குவது பற்றி மட்டும்தான் இந்தப் பக்கம். கடை, ஆபீஸ், சர்வர் எல்லாம் வேறு கணக்கு. காகிதத்தில் 230 வோல்ட் என்று இருந்தாலும் சாயங்காலம் 180க்கு இறங்கி, ஊர் தூங்கிய பிறகு 250ஐத் தொடும் நம் ஊர் மின்சாரத்தை மனதில் வைத்துத்தான் பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

கரண்ட் போனால் போகட்டுமே, கம்ப்யூட்டருக்கு என்ன ஆகிவிடும்?

கரண்ட் போனதாலேயே கம்ப்யூட்டர் எரிந்துபோவது அபூர்வம். போவது நம் வேலைதான். சேமிக்காத கணக்கு, பாதியில் நின்ற காப்பி, திறந்திருந்த ஃபைல். விண்டோஸ், லினக்ஸ் இரண்டுமே டிஸ்க்கின் அமைப்பு குலையாமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்த நொடியில் எழுதிக்கொண்டிருந்த ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு அவை உத்தரவாதம் தராது. மதர்போர்டைக் கிளப்பிவிடும் மென்பொருளான பயாஸுக்கு அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால் மதர்போர்டே கிளம்பாமல் படுத்துவிட வாய்ப்புண்டு.

உண்மையில் பயப்பட வேண்டியது கரண்ட் திரும்பி வரும் நேரத்துக்குத்தான். தெரு முழுக்க ஃபிரிட்ஜும் மோட்டாரும் ஒரே நேரத்தில் இழுக்கும், வோல்ட்டேஜ் தடுமாறும், இரண்டு மூன்று முறை வந்து வந்து போகும். யுபிஎஸ் இல்லாதவர்கள் கரண்ட் வந்ததும் சுவிட்சைப் போடாமல் ஐந்து நிமிடம் பொறுத்திருந்தாலே பாதித் தொல்லை குறையும்.

சரி, யுபிஎஸ்ஸின் வேலை என்ன? சேமித்துவிட்டு ஒழுங்காக ஷட்டவுன் செய்ய அவகாசம் தருவது. கரண்ட் இல்லாத மூன்று மணி நேரமும் உட்கார்ந்து வேலை பார்க்கக் கொடுப்பது அதன் வேலை இல்லை. இந்த இரண்டில் உங்களுக்கு எது வேண்டும் என்று முடிவு செய்யாமல் கடைக்குப் போனால் கடைக்காரர் முடிவு செய்துவிடுவார்.

என்னிடம் லேப்டாப்தான் இருக்கிறது. எனக்கும் வேண்டுமா?

வேண்டாம். லேப்டாப்புக்குள் இருக்கும் பேட்டரியே யுபிஎஸ்தான். உங்களுக்குத் தேவைப்படுவது ரூட்டருக்கு மட்டும். அதற்கென்றே லித்தியம் பேட்டரி வைத்த, கையடக்கமான ரூட்டர் யுபிஎஸ் கிடைக்கிறது. ரூட்டரின் அடாப்டரில் 12 வோல்ட்டா, 9 வோல்ட்டா, எத்தனை ஆம்பியர் என்று பார்த்து அதே அளவில் வாங்குங்கள். வோல்ட்டேஜ் மாறினால் ரூட்டர் கெட்டுப்போகலாம். சாதாரண ரூட்டர் பத்து வாட்டுக்குள்தான் இழுக்கும் என்பதால் இந்தச் சின்ன டப்பா சில மணி நேரம் தாங்கும்.

ஒரு விஷயம். உங்கள் வீட்டு ரூட்டர் ஓடிக்கொண்டிருந்தாலும், கேபிள்காரர் மின்கம்பத்தில் மாட்டியிருக்கும் பெட்டிக்கு பேக்கப் இல்லையென்றால் நெட் வராது. வாங்குவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. அது போதாதா?

பல வீடுகளில் போதும். இந்தப் பதிலைக் கடையில் கேட்க முடியாது.

இன்வெர்ட்டரில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலில், அது தருவது வீட்டு மின்சாரம் போல வளைந்து ஏறி இறங்கும் சைன் வேவா, படிக்கட்டு போல வெட்டி வெட்டி வரும் ஸ்கொயர் வேவா? கரண்ட் போனதும் ஃபேன் உறுமினால் பெரும்பாலும் ஸ்கொயர் வேவ்தான். அடுத்தது, பின்பக்கம் அல்லது பக்கவாட்டில் 'யுபிஎஸ்', 'நார்மல்' அல்லது 'எகோ' என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா? நார்மலில் இருக்கும்போது மின்சாரத்திலிருந்து பேட்டரிக்கு மாற இன்வெர்ட்டர் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். லைட்டும் ஃபேனும் அதைக் கண்டுகொள்ளாது, கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். யுபிஎஸ் பக்கம் தள்ளினால் வேகமாக மாறும், வோல்ட்டேஜ் ஏற்ற இறக்கத்தையும் குறைவாகவே அனுமதிக்கும். லோ வோல்ட்டேஜ் ஊர்களில் இதனால் இன்வெர்ட்டர் அடிக்கடி பேட்டரிக்குத் தாவும் என்பது இதன் மறுபக்கம்.

மூன்றாவது விஷயத்தைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கம்ப்யூட்டர் மாட்டியிருக்கும் பிளக் பாயின்ட் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா? வயரிங் செய்யும்போது ஹால் லைட், ஃபேன் என்று சிலவற்றை மட்டும்தான் அந்த லைனில் கொடுத்திருப்பார்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்தப் பாயின்ட்டையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பிறகு சோதியுங்கள். எல்லாவற்றையும் சேமித்து மூடிவிட்டு, கம்ப்யூட்டரில் ஒரு வீடியோவை ஓடவிட்டு, மெயின் சுவிட்சை அணையுங்கள். சில தடவை செய்து பாருங்கள். ஒரு தடவைகூட ரீஸ்டார்ட் ஆகவில்லை என்றால் தனி யுபிஎஸ் தேவையில்லை. இன்வெர்ட்டரின் 150 ஏ.எச். (ஆம்பியர் மணி, பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரிக்கு முன்னால் யுபிஎஸ்ஸின் 7 ஏ.எச். எம்மாத்திரம்!

இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவாக இருந்து, அதற்குப் பின்னால் சின்ன யுபிஎஸ் ஒன்றை மாட்டினால் சில சமயம் ஒத்துப்போகாது. இன்வெர்ட்டர் தரும் மின்சாரத்தை யுபிஎஸ் மின்சாரமாகவே மதிக்காமல் தன் பேட்டரியிலேயே ஓடி, பத்து நிமிடத்தில் அணைந்துவிடும்.

600 வி.ஏ., 1000 வி.ஏ. என்கிறார்களே, எதை வாங்குவது?

வி.ஏ. (வோல்ட் ஆம்பியர்) என்பது பெட்டியில் பெரிய எழுத்தில் போடுவதற்கான எண். உங்களுக்குத் தேவையானது வாட். நம் ஊரில் விற்கும் 600 வி.ஏ. மாடல்கள் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். 1000 வி.ஏ. என்றால் ஏறக்குறைய 600 வாட். வாட் எண் பெட்டியில் எங்கேயும் இல்லையென்றால் அந்தப் பெட்டியை வாங்காதீர்கள்.

தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரண டெஸ்க்டாப், 22 அங்குல எல்இடி மானிட்டர், ரூட்டர் எல்லாம் சேர்ந்து நூறு வாட் பக்கத்தில்தான் நிற்கும். 600 வி.ஏ. தாராளம். கேம் ஆடுபவர், வீடியோ எடிட் செய்பவர், பெரிய கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர் என்றால் 300, 400 வாட்டைத் தாண்டும். அவருக்கு 1000 வி.ஏ. குறைந்தபட்சம், 1500 நல்லது. யுபிஎஸ்ஸின் வாட் அளவில் மூன்றில் இரண்டு பங்குக்குள் உங்கள் லோடு இருக்கட்டும்.

என் எஸ்எம்பிஎஸ்ஸில் 450 வாட் என்று போட்டிருக்கிறதே?

சிபியுவுக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டிதான் எஸ்எம்பிஎஸ். 450 வாட் என்பது அது அதிகபட்சம் தரக்கூடிய அளவு. கம்ப்யூட்டர் எப்போதும் அவ்வளவு இழுக்கும் என்று அர்த்தமில்லை.

நிஜ அளவை அறிய, பிளக்கில் சொருகிப் பார்க்கும் வாட் மீட்டர் ஆன்லைனில் கிடைக்கிறது. அதுவும் வேண்டாமென்றால் வாசலில் இருக்கும் ஈபி மீட்டரே போதும். அதில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று மீட்டரின் முகத்திலேயே அச்சிட்டிருக்கும். பல மீட்டர்களில் 3200. வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஃபிரிட்ஜையும் சேர்த்துத்தான், கம்ப்யூட்டரை மட்டும் ஓடவிட்டு, பத்து நிமிடம் எண்ணுங்கள். 3200 மீட்டரில் 53 சிமிட்டல் வந்தால் உங்கள் கம்ப்யூட்டர் 100 வாட் இழுக்கிறது. 106 வந்தால் 200 வாட். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடம் எண்ணச் சொல்லலாம், சந்தோஷமாகச் செய்வார்கள்.

எவ்வளவு நேரம் தாங்கும்?

600 வி.ஏ.க்குள் இருப்பது 12 வோல்ட், 7 ஏ.எச். பேட்டரி ஒன்று. பெருக்கினால் 84 வாட் மணி. 'அப்படியானால் 84 வாட் லோடு ஒரு மணி நேரம் ஓடுமே' என்று தோன்றும். ஓடாது. அந்த 7 ஏ.எச். என்பது இருபது மணி நேரம் மெதுவாகக் கறந்தால் கிடைக்கும் அளவு. சில நிமிடங்களில் வேகமாக உறிஞ்சும்போது ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். அதிலும் யுபிஎஸ் தன் பங்கைச் சூடாக வீணாக்கும்.

ஆக, பேட்டரி புதிதாக இருக்கும்போது 100 வாட்டுக்கு இருபது நிமிடம், 200 வாட்டுக்கு ஏழெட்டு நிமிடம், 300 வாட்டைத் தொட்டால் மூன்று நான்கு நிமிடம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். லோடு இரட்டிப்பானால் நேரம் பாதிக்கும் கீழே போகிறது, கவனியுங்கள். மானிட்டரின் வெளிச்சத்தைக் குறைத்தாலே ஓரிரு நிமிடம் கூடும்.

மாதம் ஒருமுறை மின்வாரியம் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்தி மதியம் வரை, சில இடங்களில் சாயங்காலம் வரை இழுக்குமே, அதைத் தாங்க எந்தச் சின்ன யுபிஎஸ்ஸாலும் முடியாது. அன்றைக்கு இன்வெர்ட்டர்தான். இல்லையென்றால் லீவு.

ஆஃப்லைன், லைன் இன்டராக்டிவ், ஆன்லைன். எது?

ஆஃப்லைன் என்பது வருகிற மின்சாரத்தை அப்படியே கம்ப்யூட்டருக்கு விட்டுவிட்டு, நின்றால் மட்டும் பேட்டரிக்கு மாறுவது. லைன் இன்டராக்டிவ், வோல்ட்டேஜ் இறங்கினால் உள்ளேயே கொஞ்சம் ஏற்றியும், ஏறினால் இறக்கியும் கொடுக்கும். அப்போது 'டக்' என்று ரிலே சத்தம் கேட்கும், பழுது என்று நினைக்க வேண்டாம். ஆன்லைன் வகையில் கம்ப்யூட்டர் எப்போதுமே பேட்டரிப் பக்கத்திலிருந்துதான் ஓடும், மாறும் இடைவெளியே கிடையாது. விலை பல மடங்கு, உள்ளே ஃபேன் ஓயாமல் சுற்றும், சூடும் அதிகம். வீட்டுக்கு அது தேவையில்லை.

முதல் இரண்டு வகைகளும் மாறுவதற்கு 10 மில்லி செகண்டுக்குள்தான் எடுத்துக்கொள்கின்றன. தரமான எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் அதைவிடக் கூடுதல் நேரம் மூச்சுப் பிடித்துக்கொள்ளும். யுபிஎஸ் இருந்தும் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறது என்றால், பேட்டரி போயிருக்க வேண்டும், அல்லது அசெம்பிள் செய்தவர் கேபினெட்டோடு இலவசமாகக் கொடுத்த எஸ்எம்பிஎஸ் மட்டமானது. யுபிஎஸ்ஸை மாற்றுவதற்கு முன் இவை இரண்டையும் பாருங்கள்.

தமிழ்நாட்டு வீட்டுக்கு லைன் இன்டராக்டிவ் என்பதே என் பரிந்துரை. காரணம் அடுத்த கேள்வியில்.

எங்கள் ஊரில் லோ வோல்ட்டேஜ். அதனால் கம்ப்யூட்டர் கெட்டுப்போகுமா?

எஸ்எம்பிஎஸ்ஸின் லேபிளைப் பாருங்கள். '100–240' என்று இருந்தால் 170 வோல்ட்டில்கூட அது கவலைப்படாமல் ஓடும். கஷ்டம் யுபிஎஸ்ஸுக்குத்தான். ஆஃப்லைன் யுபிஎஸ், வோல்ட்டேஜ் ஓர் எல்லைக்குக் கீழே போனால் அதைக் கரண்ட் கட்டாகவே எடுத்துக்கொண்டு பேட்டரிக்குத் தாவும். தினமும் சாயங்காலம் மோட்டார் ஓடும் நேரத்தில் இப்படி நடந்தால் பேட்டரி ஒரு வருடம்கூடத் தாங்காது. அதனால்தான் லைன் இன்டராக்டிவ், அதிலும் உள்வரும் வோல்ட்டேஜ் 140 முதல் 300 வரை என்று அகலமாகப் போட்டிருப்பது. லேபிளில் இந்த எண்கள் இருப்பதற்காகக் கூடுதலாகச் சில நூறு ரூபாய் கொடுக்கலாம். ஸ்டெபிலைசர் தனியாக வாங்கி அதற்கு மேல் யுபிஎஸ் வைக்க வேண்டியதில்லை.

இதைவிட ஆபத்தானது நியூட்ரல் அறுந்துபோவது. கம்பத்திலோ டிரான்ஸ்ஃபார்மரிலோ நியூட்ரல் விட்டுப்போனால், தெருவில் சில வீடுகளுக்கு 400 வோல்ட் வரைகூட ஏறிவிடும், சில வீடுகளில் பல்பு மங்கிப்போகும். திடீரென்று டியூப்லைட் பளீரென்று எரிந்தாலோ ஃபேன் பேய் வேகத்தில் சுற்றினாலோ யோசிக்காமல் மெயினை அணையுங்கள். பிறகு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கோ லைன்மேனுக்கோ போன் செய்யலாம். யுபிஎஸ் இருந்தால், பெரும்பாலும் அது பலியாகி கம்ப்யூட்டர் தப்பிக்கும். அப்படிப் போனால் அந்த யுபிஎஸ் போட்ட காசுக்கு வேலை செய்துவிட்டது.

இடி மின்னலுக்குத் தாங்குமா?

தாங்காது. பக்கத்தில் விழுந்த மின்னலின் சின்ன அலைகளை ஓரளவு தடுக்கும், அவ்வளவே. சித்திரை மாதக் கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் இடி நெருங்கினால் பிளக்கைப் பிடுங்குவதைவிடச் சிறந்த வழி இல்லை. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. நெட்டுக்காக மொட்டை மாடி வழியாக வீடு வீடாக லான் கேபிள் இழுத்திருந்தால் அதையும் கழற்றுங்கள். மின்சார வயரை எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள், இந்த வயரை மறந்துதான் மதர்போர்டையும் ரூட்டரையும் இழக்கிறார்கள். ஃபைபர் இழை கண்ணாடி, அது வழியாக மின்னல் வராது. ஆனால் ஃபைபர் பெட்டியின் அடாப்டர் பிளக்கில்தானே இருக்கிறது.

சிபியுவைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறது. யுபிஎஸ் வைத்தால் சரியாகுமா?

ஆகாது. பாயின்ட்டில் எர்த் இல்லை, அல்லது எங்கோ அறுந்திருக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கும் ஃபில்டர் வழியாக மிகச் சிறிய அளவு மின்சாரம் எப்போதும் எர்த்துக்குக் கசியும். போக வழியில்லாதபோது கேபினெட்டில் நின்றுகொண்டு உங்களைத் தொடும். இரண்டு பின் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டியிருந்தாலும் இதே கதைதான்.

யுபிஎஸ், ஸ்பைக் கார்டு எதிலும் உள்ள பாதுகாப்பு முழுதாக வேலை செய்ய எர்த் வேண்டும். காசு குறைவாக இருந்தால், முதலில் எர்த்தைச் சரி செய்யுங்கள், யுபிஎஸ் அடுத்த மாதம் வாங்கலாம்.

சைன் வேவ் யுபிஎஸ்தான் வாங்க வேண்டுமா?

சாதாரண டெஸ்க்டாப்புக்கு வேண்டியதில்லை. ஆக்டிவ் பிஎஃப்சி என்று போட்ட விலையுயர்ந்த எஸ்எம்பிஎஸ் சிலது மட்டும், ஸ்கொயர் வேவ் மாதிரியான மின்சாரத்தில் முரண்டு பிடிக்கும், அல்லது முனகும். கிராஃபிக்ஸ் கார்டோடு கூடிய பெரிய சிஸ்டம் என்றால் சைன் வேவே வாங்கிவிடுங்கள்.

பிரிண்டரையும் டேபிள் ஃபேனையும் மாட்டலாமா?

லேசர் பிரிண்டர் கூடவே கூடாது. அதற்குள் ஒரு ஹீட்டர் இருக்கிறது, அது சூடேறும் நொடியில் பல நூறு வாட் இழுத்து யுபிஎஸ்ஸைச் சாய்த்துவிடும். இங்க்ஜெட் சின்ன லோடுதான், ஆனால் கரண்ட் இல்லாதபோது பிரிண்ட் எடுத்தே ஆக வேண்டுமா என்ன? ஃபேன் வேண்டாம்.

அபார்ட்மென்ட்டில் ஜெனரேட்டர் இருக்கிறது. அப்போதும் வேண்டுமா?

வேண்டும், சின்னதாக. ஜெனரேட்டர் கிளம்ப ஆகும் சில நொடிகளைத் தாண்டினால் போதும். ஜெனரேட்டர் ஓடும்போது யுபிஎஸ் பேட்டரியிலிருந்து இறங்க மறுத்தால், ஜெனரேட்டரின் வேகம் ஏறி இறங்கிப் பிரீக்வென்சி ஆடுகிறது என்று பொருள். அசோசியேஷனில் சொல்லிச் சரி செய்ய வேண்டிய விஷயம் அது.

ஷட்டவுனைத் தானாகவே செய்யவைக்க முடியுமா?

யுஎஸ்பி போர்ட் உள்ள யுபிஎஸ் என்றால் முடியும். கேபிளை மாட்டினால் விண்டோஸ் அதை லேப்டாப் பேட்டரி போலவே காட்டும், இத்தனை சதவீதத்துக்கு வந்தால் ஹைபர்னேட் செய் (திறந்திருப்பதை அப்படியே சேமித்துவிட்டு அணை) என்று வைத்துவிடலாம். லினக்ஸுக்கு நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ் என்ற மென்பொருள் இருக்கிறது. விலை குறைந்த 600 வி.ஏ. மாடல்களில் இந்த போர்ட் பெரும்பாலும் இருக்காது. இரவில் டவுன்லோடு போட்டுவிட்டுத் தூங்குபவர்கள் மட்டும் தேடி வாங்கலாம்.

பேட்டரி எத்தனை வருடம் வரும்? மாற்றும்போது எதைப் பார்ப்பது?

இரண்டிலிருந்து மூன்று வருடம். இந்த வகைப் பேட்டரியின் ஆயுளை 25 டிகிரி வெப்பத்தில் கணக்கிடுகிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். சென்னை, வேலூர் மே மாதத்தில் யுபிஎஸ்ஸை மேசைக்கு அடியில் சுவரோடு ஒட்டி, மேலே புத்தகம் அடுக்கி வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நான்கு பக்கமும் காற்று போகட்டும்.

மாதம் ஒருமுறை சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்துச் சோதியுங்கள். பிளக்கைப் பிடுங்கிச் சோதித்தால் எர்த்தும் சேர்ந்து போய்விடும், அதனால் சுவிட்ச். முன்பு இருபது நிமிடம் ஓடியது ஐந்துக்கு வந்துவிட்டால் மாற்றும் காலம். யுபிஎஸ்ஸையே தூக்கிப்போட வேண்டாம், பேட்டரி மட்டும் மாற்றினால் போதும், செலவு புது யுபிஎஸ்ஸில் பாதிகூட வராது. 12 வோல்ட் 7 ஏ.எச். பேட்டரி எல்லாக் கம்பெனியிலும் ஏறக்குறைய ஒரே அளவு: 151 மி.மீ. நீளம், 65 அகலம், 94 உயரம். வயர் மாட்டும் தகடு மட்டும் 4.8 மி.மீ., 6.35 மி.மீ. என்று இரண்டு அகலத்தில் வரும், பழையதைக் கையில் எடுத்துப் போய்விட்டால் குழப்பமில்லை.

கடையில் இரண்டைப் பாருங்கள். ஒன்று, தயாரித்த தேதி. ஆறு மாதத்துக்கு மேல் சார்ஜ் இல்லாமல் அலமாரியில் கிடந்தது வேண்டாம். இன்னொன்று எடை. 7 ஏ.எச். என்று எழுதி, இரண்டு கிலோவுக்கும் குறைவாக இருந்தால் உள்ளே ஈயம் குறைவு. ஈயம் இல்லாமல் ஏ.எச். எங்கிருந்து வரும்? புதுப் பேட்டரியை ஓர் இரவு முழுக்க சார்ஜ் செய்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

பைக் பேட்டரி, கார் பேட்டரி ஒன்றை வெளியே இணைத்து நேரத்தைக் கூட்டலாமா?

கூடாது. உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் சில நிமிடங்கள் ஓடி நிற்பதற்காகச் செய்தது, மணிக்கணக்கில் ஓடினால் சூட்டில் உருகும். சார்ஜரும் 7 ஏ.எச்.க்கான சின்னது, பெரிய பேட்டரியை நிரப்பவே நிரப்பாது. கார் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வேறு வெளிவரும், மூடிய அறையில் வைக்கக் கூடாத பொருள். வீடியோ போட்டுக் காட்டுபவர்கள் அடுத்த வருடம் அந்த யுபிஎஸ் என்ன ஆனது என்று காட்டுவதில்லை.

பழைய பேட்டரியை என்ன செய்வது?

குப்பையில் போடாதீர்கள். ஈயமும் அமிலமும் இருக்கிறது. புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்தால் எடை போட்டு விலையில் கழித்துக்கொள்வார்கள். கழிக்கிறார்களா என்று பில் போடுவதற்கு முன்பே கேளுங்கள். நாம் கேட்காவிட்டால் பல கடைகளில் சும்மா வாங்கி வைத்துக்கொள்வார்கள்.